வட வேல்ஸில் ஒரே நாள்: எந்தக் கோட்டைக்குப் போவது?

வட வேல்ஸுக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். கான்வி, கேர்நார்வன், பியூமாரிஸ், ஹார்லெக் ஆகிய நான்கு கோட்டைகளும் 1986-இல் ஒரே பட்டியலாக உலகப் பாரம்பரியச் சின்னமானவை. வரைபடத்தில் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் மாலைக்குள் நான்கையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படித் திட்டம் போடாதீர்கள்.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். கான்வியிலிருந்து பியூமாரிஸுக்குக் காரில் ஏறத்தாழ நாற்பது நிமிடம். அங்கிருந்து கேர்நார்வன் அரை மணி நேரம். அடுத்து ஹார்லெக் ஒரு மணி நேரம். ஹார்லெக்கிலிருந்து மலை வழியாகக் கான்விக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல். சாலையிலேயே மூன்று மணி நேரம் கரைந்துவிடும். கோட்டைகள் காலை ஒன்பதரை மணி வாக்கில் திறந்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மாலை ஐந்துக்கு மூடுகின்றன. குளிர்காலத்தில் நான்கு மணிக்கே கதவடைப்பு. மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். கார் நிறுத்த இடம் தேடும் நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் போக, ஒரு கோட்டைக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சினால் அதிகம். ஒரு கோபுரத்தில் ஏறி இறங்குவதற்கே அது சரியாகப் போய்விடும்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த நான்கும் ஒரே அரசனுடைய ஒரே திட்டத்தில் பிறந்தவை. 1282 டிசம்பரில் வேல்ஸின் இளவரசர் லெவெலின் போரில் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவருடைய தம்பி தாவித் பிடிபட்டு, ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட், கைப்பற்றிய நிலத்தைக் கையில் வைத்திருக்கக் கடலோரமாகக் கோட்டைகளை எழுப்பினார். கப்பலில் உணவும் ஆட்களும் வந்து சேர வேண்டும் என்பதால்தான் எல்லாமே நீர்க்கரையில் நிற்கின்றன. சவோய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்ற தலைமைக் கொத்தரின் கை நான்கிலும் தெரியும். அடுத்தடுத்துப் பார்த்தால், மூன்றாவது கோட்டையின் சுழல்படியில் ஏறும்போதே இது எந்த ஊர் என்ற குழப்பம் வந்துவிடும்.

ஆகவே இரண்டு கோட்டை போதும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும்.

கான்வியை ஏன் விடக்கூடாது

முதல் முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கான்வி. செஸ்டரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தண்டவாளமே கோட்டையின் அடிவாரத்தை உரசிக்கொண்டு போகிறது. ஊருக்குள்ளேயே நிலையம் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. நிற்காவிட்டால் ஆற்றுக்கு எதிர்க்கரையில் உள்ள லாண்டுட்னோ ஜங்ஷனில் இறங்கிப் பாலத்தின் வழியே நடந்து வரலாம். உண்மையில் அப்படி நடந்து வருவதுதான் மேல். எட்டுப் பெரிய கோபுரங்களும் தண்ணீருக்கு மேல் வரிசையாக எழும் காட்சி அந்தப் பக்கத்திலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கும்.

1283-இல் தொடங்கிய முக்கிய வேலைகள் நான்கே ஆண்டுகளில் முடிந்தன. கூரைகள் எல்லாம் போய்விட்டாலும் சுவர்கள் ஏறக்குறைய முழு உயரத்தில் நிற்கின்றன. உள்ளே இரண்டு முற்றங்கள். முன் முற்றத்தில் காவல் படையினரும் பெருங்கூடமும். பின் முற்றம் அரச குடும்பத்துக்கு. 1294-இல் மாடோக் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தபோது எட்வர்டே அந்தக் குளிர்காலத்தில் இந்தச் சுவர்களுக்குள் மாட்டிக்கொண்டார்.

இத்தனை பலமான கோட்டை ஒருமுறை முற்றுகையே இல்லாமல் விழுந்திருக்கிறது. 1401-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று காவல் படையினர் தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளிண்டூரின் உறவினர்களான ரீஸ், குவிலிம் சகோதரர்களின் ஆட்கள், தச்சு வேலைக்கு வந்தவர்கள் போல நடித்து உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நுழைவாயிலில் நிற்கும்போது இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; அவ்வளவு ஏற்பாடுகளும் யாரை உள்ளே விடுவது என்ற ஒரே கேள்வியில் தோற்றுப்போன இடம் அது.

கான்வியின் பெரிய பலம் அதன் சுற்றுப்புறம். ஊர் மதில் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள். மதில் மேல் நடக்கக் கட்டணம் இல்லை. தெற்குப் பக்கத்தில் மில் வாசல் அருகே மதிலின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பன்னிரண்டு சிறு கல்மாடங்கள் வரிசையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அவை பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கழிப்பறைகள். அரசரின் அலுவலர்களுக்காகக் கட்டப்பட்டவை. கோபுரங்களைப் படமெடுக்கும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ, அரண்மனைக் கணக்கர்களும் எழுத்தர்களும் இங்கே அன்றாடம் வேலை பார்த்தார்கள் என்பதை எந்தப் பெருங்கூடத்தையும்விட அந்தப் பன்னிரண்டு கற்களே நன்றாகச் சொல்கின்றன.

கோட்டை மேலிருந்து பார்த்தால் மூன்று பாலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். தாமஸ் டெல்ஃபோர்டின் 1826-ஆம் ஆண்டுத் தொங்குபாலம்; ராபர்ட் ஸ்டீஃபன்சனின் 1848-ஆம் ஆண்டு இரும்புக் குழாய்ப் பாலம், அதற்குள் இன்றும் ரயில் ஓடுகிறது; 1958-இல் வந்த சாலைப் பாலம். நான்காவது கடப்பு கண்ணுக்குத் தெரியாது: 1991-இல் ஆற்றின் அடியில் சுரங்கச் சாலை திறந்த பிறகுதான் இந்தச் சிற்றூர் நெடுஞ்சாலை நெரிசலிலிருந்து விடுபட்டது. ஊருக்குள் பிளாஸ் மவுர் என்ற எலிசபெத் காலத்து வீடு இருக்கிறது. 1576-க்கும் 1585-க்கும் இடையே ராபர்ட் வின் என்ற வணிகர் கட்டியது. சுண்ணச் சுதை வேலைப்பாடுகள் பளீரென்ற வண்ணங்களோடு மீட்கப்பட்டிருக்கின்றன. துறைமுகத்தில் உள்ள சிவப்பு நிறக் குட்டி வீடு, 1.8 மீட்டர் அகலமே உள்ளது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஐந்து நிமிட வேலை.

கான்விக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மீதி அரை நாளுக்குத்தான் உண்மையான போட்டி.

பிற்பகலுக்கு: பியூமாரிஸா, டோல்விதெலானா?

பியூமாரிஸ், மெனாய் நீரிணைக்கு அப்பால் ஆங்கிள்ஸி தீவில் இருக்கிறது. மாடோக்கின் கிளர்ச்சியை அடக்கிய கையோடு 1295-இல் வேலை தொடங்கியது. பக்கத்தில் செழிப்பாக இருந்த லான்வைஸ் ஊர் மக்களை அப்படியே பெயர்த்துத் தீவின் மறுமுனைக்கு அனுப்பிவிட்டுத்தான் இடத்தை எடுத்தார்கள். பாறையோ குன்றோ இல்லாத சமதளம் என்பதால், கட்டியவர் நினைத்தபடி வரைய முடிந்தது. அகழி, வெளிச்சுவர், உட்சுவர் என்று பெட்டிக்குள் பெட்டியாக அமைந்த கோட்டை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சமச்சீர். ஆனால் வேலை முடியவில்லை. ஸ்காட்லாந்துப் போர் வந்தது, பணம் அந்தப் பக்கம் போயிற்று. கோபுரங்கள் உத்தேசித்த உயரத்தை எட்டவே இல்லை.

1296 தொடக்கத்தில் ஜேம்ஸும் கணக்கு அலுவலரும் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள்: 400 கொத்தர்கள், 2,000 கூலியாட்கள், கல்லுடைப்பவர்கள் 200 பேர், 100 வண்டிகள், 30 படகுகள். சம்பளம் பாக்கி நிற்கிறது, ஆட்களை நிறுத்திவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்ற புலம்பலும் அதில் உண்டு. பாதியில் நின்றுபோன அந்தக் கோபுரங்களுக்கு அடியில் நிற்கும்போது, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சம்பளத்துக்குக் காத்திருந்த அந்த ஆட்களுக்காக எனக்கு மனம் வருந்துகிறது.

பியூமாரிஸின் சாதகங்கள் தெளிவானவை. தரை சமம். முற்றம் முழுவதும் புல்வெளி. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கோபுரம் ஏறாமலே கோட்டையின் அமைப்பைப் புரிந்துகொள்ளலாம். அகழியில் தண்ணீர் இருக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. குழந்தைகள் மனத்தில் கோட்டை என்றால் அகழிதான். 1614-ஆம் ஆண்டு நீதிமன்றமும் 1829-ஆம் ஆண்டுச் சிறைச்சாலையும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. நேரம் இருந்தால் கால் மணி நேரக் கார் ஓட்டத்தில் பென்மான் மடாலயமும் அதன் கல் புறாக்கூடும். போகிற வழியில் டெல்ஃபோர்டின் மெனாய் தொங்குபாலம். ஒரே பாதகம்: எட்வர்டின் கோட்டைக்குப் பின் இன்னொரு எட்வர்ட் கோட்டை. வடிவம் வேறு, கதை அதே.

டோல்விதெலான் அதற்கு நேர்மாறு. கான்வி ஆற்றை ஒட்டித் தெற்கே போய், பெட்டுஸ்-இ-கோயெட்டில் லெடர் பள்ளத்தாக்குக்குள் திரும்பினால், மலைச்சரிவில் ஒற்றைச் சதுரக் கோபுரம் தெரியும். காரில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கட்டியவர் மகா லெவெலின் எனப்படும் வேல்ஸ் மன்னர். 1282-இல் இறந்த லெவெலினின் பாட்டனார். கான்வியில் அவர் அடக்கமான மடாலயம் இருந்த இடத்தில்தான் எட்வர்ட் தன் கோட்டையையும் ஊரையும் எழுப்பினார். துறவிகளைப் பள்ளத்தாக்கின் உட்புறத்துக்கு அனுப்பிவைத்தார். ஆக, காலையில் வென்றவரின் வீட்டையும் பிற்பகலில் தோற்றவரின் வீட்டையும் பார்க்கிறீர்கள். வட வேல்ஸின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது.

அளவில் டோல்விதெலான் சிறியது. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மேலே உள்ள கொத்தளங்களும் கூரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீரமைத்தபோது சேர்த்தவை. அகழி இல்லை, கடல் இல்லை, பரிசுப்பொருள் கடைகளின் வரிசை இல்லை. கீழே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு மேய்ச்சல் நிலத்தின் வழியே ஏற வேண்டும்; மழை பெய்திருந்தால் சேறு, ஆகவே நல்ல காலணி அவசியம். கோபுர உச்சியில் நின்றால் மொயெல் ஷாபோட் மலை எதிரே நிற்கும், கீழே பள்ளத்தாக்கின் சாலை கயிறாகக் கிடக்கும். அந்தப் பாதையில் யார் வந்தாலும் இங்கிருந்து தெரியும். 1283 ஜனவரியில், நடுப்பனியில், ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினார்கள். அந்தக் குளிரில் காவலுக்கு வைத்த வீரர்களுக்கு வெள்ளை உடை வாங்கிக் கொடுத்த கணக்கு இருக்கிறது. பனியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக.

பெரியவர்கள், கைக்குழந்தைகள் உடன் வந்தால் பியூமாரிஸ். நடக்கத் தெம்புள்ள இரண்டு மூன்று பேர் மட்டும் போனால் டோல்விதெலான். கார் இல்லாதவர்களுக்கும் டோல்விதெலான் கைகொடுக்கும்: லாண்டுட்னோ ஜங்ஷனிலிருந்து கான்வி பள்ளத்தாக்கு ரயில் அந்த ஊரில் நிற்கிறது, நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வாக்கில் நடை. அந்த ரயில் பயணமே பணத்துக்குத் தகும். ஆனால் நாளொன்றுக்கு ஓடும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோட்டை திறந்திருக்கும் நாளையும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேர்நார்வன்: மழை நாளின் கோட்டை

கேர்நார்வன் நான்கில் புகழ்பெற்றது. 1284-இல் இரண்டாம் எட்வர்ட் பிறந்தது இங்கே. 1969 ஜூலை 1-ஆம் தேதி சார்ல்ஸ் வேல்ஸ் இளவரசராக முடிசூட்டப்பட்டதும் இதே முற்றத்தில். வேல்ஸில் அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. அப்போது அமைத்த வட்டமான சிலேட்டு மேடை இன்றும் புல்வெளியில் கிடக்கிறது. மற்ற மூன்றின் கோபுரங்கள் வட்டமானவை, இங்கே பல்கோணம். சுவரில் வேறு நிறக் கற்களைப் பட்டை பட்டையாகக் கோத்திருப்பது கான்ஸ்டான்டினோப்பிள் மதிலை நினைவூட்டுவதற்காக என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இருந்தும் ஒரு நாள் பயணத்தில் நான் இதை முதலில் வைக்க மாட்டேன். வெளியிலிருந்து பார்க்கும்போது இருக்கும் கம்பீரம் உள்ளே போனதும் குறைகிறது. முற்றத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் போய்விட்டன, சில கட்டி முடிக்கப்படவே இல்லை. செயான்ட் ஆற்றின் நடைபாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் நின்றால், கோட்டையின் மிகச் சிறந்த தோற்றம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

மழை நாளில் கணக்கு மாறும். இங்கே சுவர்களுக்கு உள்ளேயே நீண்ட நடைவழிகள் ஓடுகின்றன. ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நனையாமல் போகலாம். ஒரே அம்புத் துளைக்குப் பின்னால் பல கோணங்களில் வில்லாளிகள் நிற்கும்படி கல்லைக் குடைந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், போர் முறை நொடியில் விளங்கிவிடும். ராணியின் கோபுரத்தில் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. 2023-இல் அரசவாயிலில் லிஃப்ட் வைத்து மேல்தளம் திறந்த பிறகு, படியேற முடியாதவர்களும் உயரத்திலிருந்து பார்க்க முடிகிறது. மற்ற மூன்றில் இந்த வசதி இல்லை. நடைதூரத்தில் செகோன்ஷியம் என்ற ரோமானிய முகாமின் அடித்தளங்கள் உள்ளன, கி.பி. 77 வாக்கில் நிறுவப்பட்டது. ரோமானிய வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு அவை வெறும் தாழ்ந்த சுவர்களே.

பிரதான ரயில் பாதை கேர்நார்வனுக்கு வருவதில்லை. பாங்கரில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.

ஹார்லெக்குக்குத் தனி நாள்

ஹார்லெக்கை வேறெதனுடனும் சேர்க்காதீர்கள். தூரம் ஒரு காரணம். அந்த இடத்தின் தன்மை இன்னொன்று. ஏறத்தாழ அறுபது மீட்டர் பாறை மேல் நிற்கிறது. கட்டிய காலத்தில் கடல் அடிவாரம் வரை வந்தது. இப்போது நடுவில் சமவெளியும் மணற்குன்றுகளும். கடலிலிருந்து ஏறி வரும் 108 படிகளின் வழியாகத்தான் முற்றுகைக் காலங்களில் உணவு வந்தது. மாடோக் கிளர்ச்சியின்போது 37 பேர் மட்டும் இருந்து இதைக் காப்பாற்றினார்கள். 1404-இல் ஓவைன் கிளிண்டூர் பிடித்துத் தன் இருப்பிடமாக்கினார், இங்கே நாடாளுமன்றம் கூட்டினார். 1409-இல் இழந்தபோது அவருடைய குடும்பத்தினர் சிறைப்பட்டார்கள். இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் ஏழாண்டு முற்றுகை. வேல்ஸ் மக்களின் மனத்துக்கு மிக நெருங்கிய கோட்டை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் வாயிலுக்குப் படியேற வேண்டும். 2015-இல் நடைபாலம் வந்த பின் சக்கர நாற்காலியிலும் உள்ளே போக முடிகிறது.

துணைக்கு ஏதாவது வேண்டுமென்றால் கிரிக்கியெத். அதுவும் மகா லெவெலின் தொடங்கிய வேல்ஸ் கோட்டை. கடலுக்குள் நீட்டிய குன்றில் இரட்டைக் கோபுர வாயில். கேம்ப்ரியன் கடலோர ரயில் இரண்டு ஊர்களையும் இணைக்கிறது. வேல்ஸ் கோட்டையும் எட்வர்ட் கோட்டையும் ஒரே நாளில் அமையும் இரண்டாவது நல்ல ஜோடி இது. தங்குமிடம் போர்த்மாடோக் பக்கம் என்றால் கான்வியைக்கூட மறந்துவிட்டு இதையே எடுத்துக்கொள்ளலாம்.

பாங்கர் அருகே பென்ரின் என்று ஒரு கோட்டை பட்டியலில் வரும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய நார்மன் பாணியில் கட்டிய செல்வந்தர் மாளிகை, போருக்கானதல்ல. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பிலும், பக்கத்து மலையின் சிலேட்டிலும் வந்த பணம். விக்டோரியா அரசிக்காகச் செய்த, ஒரு டன் எடையுள்ள சிலேட்டுக் கட்டில் உள்ளே இருக்கிறது. 1900 முதல் 1903 வரை அதே குடும்பத்தின் சிலேட்டுக் குவாரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வேலைக்குத் திரும்பாதவர்கள் ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்ற அட்டையைச் சன்னலில் வைத்தார்கள். அறைகள், தளவாடங்கள், கூரையுள்ள இடம் வேண்டுமென்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. கோட்டை பார்க்கும் ஆசையில் வருகிறவர்களுக்கு அல்ல.

எப்படி நாளைப் பிரிப்பது

கான்வியோடு தொடங்குபவர்கள் கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாப் பஸ்கள் வந்து சுழல்படிகளில் ஏறுபவரும் இறங்குபவரும் ஒதுங்க இடமின்றி நிற்பார்கள். பிறகு மதில் நடை, அதன் பிறகு சாப்பாடு. ஒன்றரை மணிக்குள் இரண்டாவது இடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. மதிலுக்குள் இருக்கும் தெருக்கள் குறுகலானவை, ஒருவழிப் பாதைகள்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. நான்கு கோட்டைகளும் பிளாஸ் மவுரும் வேல்ஸ் அரசின் தொல்சின்ன அமைப்பான காடூவின் பொறுப்பில் உள்ளவை. பல இடங்களுக்குச் சேர்த்து அவர்கள் தரும் பாஸ் மூன்று நாள், ஏழு நாள் பயணங்களுக்கானது. ஒரே நாளில் இரண்டு கோட்டைதான் என்றால் தனித்தனி டிக்கெட்டே மலிவாக முடியலாம்; விலைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பென்ரின் நேஷனல் டிரஸ்ட் என்ற வேறொரு அறக்கட்டளையிடம் இருப்பதால் இந்தப் பாஸ் அங்கே செல்லாது.

காலையில் சன்னலைத் திறந்தால் மழை கொட்டுகிறதா? டோல்விதெலானை அன்று விட்டுவிடுங்கள். மேகம் இறங்கிவிட்டால் மலையும் தெரியாது, பள்ளத்தாக்கும் தெரியாது. கான்வியில் பிளாஸ் மவுருக்குக் கூடுதல் நேரம் கொடுத்துவிட்டுப் பிற்பகலில் கேர்நார்வனுக்குப் போங்கள். வானம் தெளிவாக இருந்தால், என் தேர்வு மாறாது: காலை கான்வி, பிற்பகல் டோல்விதெலான். ரயிலில் போகிறவர்கள் மட்டும் முதலில் பள்ளத்தாக்கு ரயிலின் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.